சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் முறை

நம் சிற்றூர்களில் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சத்துணவுக்கூடம், நூலகம், பஞ்சாயத்து அலுவலகம் என ஏதேனும் ஒரு கட்டடம் எழுந்தவண்ணம் உள்ளது. சொந்த வீடு கட்டுதலும் கோயில் திருப்பணியும் இவற்றோடு சேரும். செங்கல் நன்கு வெந்ததா, கலவையில் சிமெண்டு சரியாகச் சேர்க்கப்பட்டதா என்றெல்லாம் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கின்றனர். அவை கேட்க வேண்டியவையே. ஆனால், அக்கட்டடத்தை எழுப்புவோர் எதன்மீது நின்று வேலை செய்கின்றனர் என்பதைக் கேட்போர் அரியர். சாரம் சில நாட்களில் அவிழ்த்துவிடப்படும் பொருள். ஆகவே அது மேஸ்திரியின் பொறுப்பு என்று நாம் விட்டுவிடுகிறோம். கட்டடத்தில் குறையிருப்பின் அதனைப் பின்னர் இடித்தும் திருத்தலாம். சாரம் சரிந்து கீழே விழுந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அத்தகைய இரண்டாம் வாய்ப்பு இல்லை.

சாரம் சரிவதற்குக் கம்பு முறிதல் ஒன்றே காரணமன்று. நல்ல கம்பும் நல்ல கயிறும் கொண்டு கட்டிய சாரமும், சுவரோடு சரிவரப் பிணைக்கப்படாமையால் சரிவதுண்டு. எனவே, இக்கட்டுரையில் சாரத்தைச் சுவரோடு பிணைக்கும் முறையை மட்டும் ஆராய்வோம்.

சாரத்தின் உறுப்புகள்

நம் நாட்டுப்புறத்தில் சாரத்திற்குப் பெரிதும் பயன்படுவது சவுக்குக் கம்பு. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் உழவர்கள் இதனைப் பயிராகவே வளர்க்கின்றனர். நிமிர்ந்து நிற்கும் கம்புகள் சாரத்தின் கால்கள். அவற்றை நீளவாட்டில் இணைப்பவை படுக்கைக் கம்புகள். படுக்கைக் கம்பிலிருந்து சுவர்ப்பக்கமாகச் செல்பவை குறுக்குக் கம்புகள். இவற்றின்மேல் பலகை பரப்பப்படுகிறது. கால்கள் பக்கவாட்டில் சாயாதிருக்க மூலைக்கு மூலை கட்டப்படுவது சாய்வுக் கம்பு.

சாரம் இருவகைப்படும். ஒரே வரிசைக் கால்களை உடையது ஒற்றைச் சாரம். அதில் குறுக்குக் கம்பின் ஒரு முனை சுவரில் விடப்பட்ட துளையில் தங்கும். இரு வரிசைக் கால்களை உடையது இரட்டைச் சாரம். அது தன் பாரத்தைத் தானே தாங்கும். இரட்டைச் சாரத்திற்குச் சுவரின் துணை தேவையில்லை என்று சிலர் எண்ணுவர். அது தவறு. பாரத்தைத் தாங்குவது வேறு. சாயாமல் நிற்பது வேறு. பாரத்தைக் கால்கள் தாங்கும். சாயாமல் காப்பது சுவரோடு கூடிய பிணைப்பே.

சிறு விசையும் பெரு விசையும்

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு வெளிப்பூச்சு நடைபெறுகிறது. பலகை 12 அடி உயரத்தில் உள்ளது. அதன்மேல் இரு கொத்தனார்களும் ஒரு சித்தாளும் நிற்கின்றனர். ஆளுக்கு 60 கிலோ வீதம் 180 கிலோ. நான்கு பாண்டுக் கலவை 80 கிலோ. பலகையும் கம்புகளும் 100 கிலோ. ஆக 360 கிலோ.

சாரம் நேராக நிற்கும்வரை இப்பாரம் முழுவதும் கால்கள் வழியே நிலத்திற்குச் செல்லும்; சுவருக்கு வேலையே இல்லை. சாரத்தின் மேற்பகுதி 3 அங்குலம் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டதாகக் கொள்வோம். கால்கள் மண்ணில் புதைக்கப்படாமல் மேலாக நிற்பின், அதனை அந்நிலையில் நிறுத்திவைக்கப் பலகை மட்டத்தில் ஏறத்தாழ 7½ கிலோ இழுவிசை போதும். ஒரு சிறுவனும் பிடித்து நிறுத்தலாம். சாய்வு 1 அடியானால் 30 கிலோ தேவை. சாய்வு 3 அடியானால் 90 கிலோ தேவை. அதற்குள் பலகையில் நிற்போர் அஞ்சி ஒரே பக்கமாக ஒதுங்குவர், கட்டுகள் நழுவும், பிறகு அதனை நிறுத்த எவராலும் இயலாது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சாய்வைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பிணைப்புக்குப் பெரிய வலிமை வேண்டியதில்லை. ஆனால், அச்சிறு வலிமை முதல் நாள் முதல் இடையறாது இருத்தல் வேண்டும். சாய்ந்த பிறகு கட்டலாம் என்பது, வெள்ளம் வந்த பிறகு அணை போடுவதை ஒக்கும்.

காற்று வேறொரு பகை. வெயிலுக்கும் தூசுக்கும் தடுப்பாகச் சாரத்தின்மேல் தார்ப்பாய் கட்டுகின்றனர். 10 அடி உயரமும் 12 அடி நீளமும் உள்ள ஒரு தார்ப்பாயின்மீது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக வீசினால், அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 70 கிலோ. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 72 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 280 கிலோ. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். தார்ப்பாய் கட்டிய சாரத்திற்கு ஆடிக்காற்றும் கோடைமழைக்கு முன் வரும் சூறையும் கண்ணுக்குத் தெரியாத பாரங்கள் என்பதை மறத்தலாகாது.

முளைக்குச்சியும் மண்ணும்

காளையைக் கட்ட முளைக்குச்சி அடிக்கும் உழவர் ஒருவருக்குப் பிணைப்பின் இயல்பை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அதே குச்சி கட்டாந்தரையில் காளையை நிறுத்தும்; நீர் பாய்ந்த வயலில் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வரும். குச்சி மாறவில்லை, மண் மாறியது. சாரத்தின் பிணைப்பும் இவ்வாறே. கயிற்றின் வலிமையையும் போல்ட்டின் பருமனையும் பார்ப்பது பாதி வேலை. அதனைப் பற்றியிருக்கும் சுவர் எத்தகையது என்று பார்ப்பதே மற்றப் பாதி.

புதிதாக எழுப்பிய சுவர் முதலில் கவனிக்கத்தக்கது. சிமெண்டுக் கலவை ஒரே நாளில் இறுகிவிட்டதுபோல் தோன்றினும், அதன் வலிமை நாளடைவில்தான் சேர்கிறது. நேற்றுக் கட்டிய வரிசைகளில் பிணைப்பை அமைத்தல் கூடாது. நீர் விட்டு ஒரு வாரமேனும் பதப்படுத்திய கீழ் வரிசைகளிலேயே அமைத்தல் வேண்டும்.

மண்சாந்தில் கட்டிய பழஞ்சுவர், அரை செங்கல் பருமனுள்ள தடுப்புச் சுவர், கூரைக்கு மேலுள்ள கைப்பிடிச் சுவர், இரு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட குறுகிய சுவர் ஆகியவை பிணைப்புக்கு ஏற்றவை அல்ல. லிண்டலோ உத்தரமோ வந்து தங்கும் இடத்திற்கு நேர் கீழே துளையிடுதலும் தவறு. ஜன்னல் கம்பி, மழைநீர்க் குழாய், சன்ஷேடின் விளிம்பு ஆகியவற்றில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பிணைத்தாயிற்று என்று மனநிறைவு கொள்வதைப் பல இடங்களில் காண்கிறோம். இவை சாரத்தைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல.

பிணைக்கும் வழிகள்

முதலாவது, ஜன்னல் அல்லது வாயில் வழியாகப் பிணைத்தல். திறப்பைவிட இருபுறமும் ஓரடியேனும் நீண்ட ஒரு கம்பினைச் சுவரின் உட்புறத்தில் குறுக்காக வைத்து, அதனைத் திறப்பு வழியே வரும் மற்றொரு கம்பால் சாரத்தின் காலோடு சேர்த்துக் கட்டுதல் வேண்டும். சாரம் வெளியே சாய முற்பட்டால் உட்கம்பு சுவரின்மீது அழுந்தி நிற்கும். விசை ஒரே புள்ளியில் விழாமல் சுவரில் பரவுகிறது. துளையிட வேண்டியதில்லை, பழைய சுவருக்கும் ஏற்றது. நம் ஊர்க் கட்டடங்களுக்கு இதுவே சிறந்த முறை என்பது எம் கருத்து. உட்பூச்சு சிதையாதிருக்கக் கம்பின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்தல் நலம்.

இரண்டாவது, சுவர்த்துளை வழியாகப் பிணைத்தல். கட்டும்போதே ஒரு செங்கல்லின் தலைப்பக்க அளவுக்கு, அதாவது 4½ அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள துளையை விடுவர். குறுக்குக் கம்பு அதனுள் 4 அங்குலமேனும் செல்லுதல் வேண்டும். ஆனால், துளையில் தங்கும் கம்பு பாரத்தைத் தாங்குமேயன்றிச் சாரத்தை இழுத்துப் பிடிக்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே, துளையைச் சுவரின் மறுபுறம்வரை விட்டு, உள்ளே குறுக்குத் துண்டு வைத்துக் கட்டினாலன்றி அது பிணைப்பாகாது.

மூன்றாவது, ஆங்கர் போல்ட்டு. கான்கிரீட்டுத் தூணிலும் உத்தரத்திலும் இது நன்கு பற்றும். செங்கற்சுவரில் எச்சரிக்கை வேண்டும். துளை செங்கல்லின் நடுவில் அமைதல் வேண்டும். சாந்துச் சந்தில் அன்று. சுவரின் மூலைக்கும் திறப்பின் விளிம்புக்கும் அருகில் அடித்தால், போல்ட்டு விரியும்போதே செங்கல் பிளந்துவிடும். பூச்சின் பருமனைத் துளையின் ஆழத்தில் சேர்த்துக் கணக்கிடலாகாது. உள்ளீடற்ற கற்களால் கட்டிய சுவரில் இம்முறையைக் கைவிடுக. ஐயமிருப்பின், அதே சுவரில் தரைக்கருகே ஒரு போல்ட்டை அடித்து, கடப்பாரையை நெம்புகோலாக வைத்து இழுத்துப் பார்க்கலாம். அது அசைந்தாலோ செங்கல் கீறினாலோ, மேலே அடிக்கும் போல்ட்டுகளையும் நம்பலாகாது.

கோயில் கோபுரம், கல்மண்டபம் ஆகியவற்றில் துளையிடுதல் அறவே கூடாது. அங்கு இரட்டைச் சாரம் அமைத்து, தூண்களைச் சுற்றிச் சாக்கு வைத்துக் கம்பால் வளைத்துக் கட்டுவதே தக்கது.

இழுப்பும் முட்டும்

குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கும் உழவர், ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தால் மரம் மறுபக்கம் சாயும் என்பதை அறிவார். சாரத்திற்குக் கயிறு மட்டும் கட்டினால், அது வெளியே சாய்வதைத் தடுக்கும். காற்று எதிர்த்திசையில் தள்ளும்போது கயிறு தளர்ந்து தொங்கும். சாரம் உள்ளும் புறமும் ஆடத் தொடங்கினால் ஒவ்வொரு கட்டும் தளரும். ஆகவே ஒவ்வொரு பிணைப்பிலும் இழுத்துப் பிடிக்கும் உறுப்பும், சுவரில் முட்டி நிற்கும் கம்பும் சேர்ந்திருத்தல் வேண்டும். சாரக்கால்களோடு படுக்கைக் கம்பு சேரும் கணுவிலேயே பிணைப்பு அமைதல் நன்று; காலின் நடுவில் கட்டினால் கால் வளையும்.

எத்தனை பிணைப்புகள் வேண்டும்? நம் ஊர்ச் சவுக்குச் சாரத்திற்கு உயரத்தில் 10 அடிக்கு ஒன்றும், நீளத்தில் 15 அடிக்கு ஒன்றும், இரு முனைகளிலும் தவறாமல் ஒவ்வொன்றும் அமைப்பது பாதுகாப்பான அளவு. தார்ப்பாய் கட்டுவதாயின் இதனை இரட்டிப்பாக்குக. கால்களின் கீழ்ப் பலகைத் துண்டோ தட்டைக்கல்லோ வைத்தல் வேண்டும். மழையில் ஒரு கால் புதைந்தால், சாரத்தின் பாரத்தில் ஒரு பகுதி பிணைப்பின்மீது தொங்கும். அதற்கென அமைக்கப்படாத பிணைப்பு அறுந்துபோகும். நனைந்து காய்ந்த கயிறு தளரும். பச்சைச் சவுக்கு உலர்ந்து சுருங்கும்போதும் கட்டுத் தளரும். எனவே நாள்தோறும் காலையில் கட்டுகளை இறுக்குதல் இன்றியமையாதது.

பூச்சு வேலையின்போது நேரும் தவறு

ஒரு தவறினைச் சிறப்பாகச் சுட்ட விரும்புகிறோம். சுவரெழுப்பும்போது ஒழுங்காக இருந்த பிணைப்புகளைப் பூச்சு வேலையின்போது ஒருசேர அவிழ்த்துவிடுகின்றனர். பிணைப்பு உள்ள இடம் பூச்சில் வடுவாக நிற்கும் என்பது காரணம். அந்நேரத்தில்தான் பலகையில் ஆட்களும் கலவையும் மிகுந்திருக்கும். பிணைப்பினை அவிழ்க்க நேர்ந்தால், அருகில் மற்றொன்றைக் கட்டிய பின்னரே அவிழ்த்தல் வேண்டும். சாரத்தைப் பிரிக்கும்போதும் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு தட்டும் இறங்கிய பிறகே அத்தட்டின் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். எஞ்சிய துளைகளைச் செங்கல் துண்டும் கலவையும் இட்டு நிரப்பி, அவ்விடத்தை மட்டும் பூசி முடிக்கலாம். நிரப்பாத துளை மழைநீரைச் சுவருக்குள் அழைத்துச் செல்லும்.

அங்கத்தினர்களின் கடமை

சாரங்களுக்கும் ஏணிகளுக்குமான இந்தியத் தர நெறி, எண் 3696, 1966-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. சாரங்களைப் பற்றிய அதன் முதற்பகுதி 1987-ல் திருத்தப்பட்டது. கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 1996-ல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைக்கப்பட்டது. நெறிகள் இல்லாமையன்று நம் குறை. அவை வேலை நடக்கும் இடத்தை எட்டாமையே குறை. அங்கு நாள்தோறும் சென்று பார்க்கக்கூடியவர் அவ்வூர் அங்கத்தினரே.

அவர் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. தூக்குக்குண்டினைப் பிடித்துக் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கலாம். பிணைப்புகளை எண்ணலாம். ஒவ்வொன்றும் எதில் கட்டப்பட்டுள்ளது, இழுப்போடு முட்டும் உள்ளதா என்று நோக்கலாம். ஆளேறாத நேரத்தில் காலொன்றைக் கையால் தள்ளிப் பார்க்கலாம்; சாரம் ஊஞ்சலாடினால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீட்டிலேயே சாரத்திற்கெனத் தொகை கேட்டு எழுதச் செய்யலாம். வேலை செய்வோர் நல வாரியத்தில் பதிவு பெற்றுள்ளனரா என்று விசாரிக்கலாம்.

ஒரு பிணைப்புக்கு ஆகும் செலவு இரண்டு கம்புத் துண்டும் சில முழக் கயிறும் கால்மணி நேர உழைப்புமே. அதனைக் கட்டச் சொல்லும் அங்கத்தினர், காலையில் ஏறியவர் மாலையில் நலமாக இறங்கி வீடு சேரச் செய்தவராவார். பஞ்சாயத்தின் செலவுக் கணக்கில் இது எங்கும் பதிவாகாது. ஆயினும் ஊர்ப்பணிகளுள் இதனினும் முந்திச் செய்யத்தக்கது வேறில்லை.