கார்டுக்கு முன்னும் பின்னும்

கேள்வி: பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக மகனிடம் சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டான், கம்ப்யூட்டர் சயின்ஸிலும் சேர்ந்துவிட்டான். கேம் ஆடத்தான் கேட்கிறான். ‘ஏஐ படிக்கவும் உதவும்ப்பா’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறான். கடையில் தந்த கொட்டேஷனில் ஐ5-12400எஃப் பிராசஸர், 16 ஜிபி ராம், கேபினட்டோடு சேர்ந்து வரும் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் இருக்கிறது. தகராறு கிராபிக்ஸ் கார்டில்தான். 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 போதும் என்கிறார் கடைக்காரர். 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிதான் வேண்டும் என்கிறான் மகன். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். மானிட்டர் மட்டும் பழையதே போதும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நான் வங்கி ஊழியன். வரவு செலவு புரியும், இது புரியவில்லை. யார் சொல்வது சரி?

– ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: அவர்கள் சண்டை போடும் இடத்தைவிட, சண்டையே போடாமல் விட்ட இரண்டு இடங்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. ஒன்று பழைய மானிட்டர், இன்னொன்று கேபினட்டோடு வரும், மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கார்டு இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிற பொருள். முன்னால் இருப்பது எவ்வளவு காட்டும், பின்னால் இருப்பது எவ்வளவு கொடுக்கும் என்று தெரியாமல் கார்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

முதலில் மானிட்டர். வீட்டில் இருப்பது பெரும்பாலும் 1920 × 1080 புள்ளிகள், 60 ஹெர்ட்ஸ் வகையாக இருக்கும். அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை வினாடிக்கு 60 முறை மாற்றிக் காட்டும். அதற்கு மேல் கார்டு எத்தனை படம் வரைந்து தள்ளினாலும் கண்ணுக்கு வந்து சேராது. 1440பி மானிட்டரில் 37 லட்சம் புள்ளிகள், 4கே என்றால் 83 லட்சம். புள்ளி கூடக்கூட கார்டுக்கு வேலை கூடும்.

அதனால் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என்னென்ன கேம் ஆடுவாய்?’ வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 என்று நண்பர்களோடு சேர்ந்து ஆடுவது மட்டும்தான் என்றால், இந்த இரண்டில் எந்தக் கார்டைப் போட்டாலும் 1080பி-யில் வினாடிக்கு நூறு படத்தைத் தாண்டிவிடும். அப்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்டு 5060 வாங்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தை 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள மானிட்டருக்குப் போடுங்கள். பையனுக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

‘சைபர்பங்க் 2077’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ போன்ற பெரிய கதை கேம்களும் ஆடுவேன் என்றால் மகன் பக்கம்தான் நியாயம். கார்டின் மெமரியைச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை பெரிதாக இருப்பதால் சமைப்பவரின் கை வேகம் கூடாது. ஆனால் மேடையில் இடம் போதாமல் ஒவ்வொரு டப்பாவுக்கும் அடுத்த அறைக்கு ஓட வேண்டியிருந்தால் எவ்வளவு கைதேர்ந்தவரும் தடுமாறுவார். 8 ஜிபி நிரம்பியதும் கார்டு இப்படித்தான் கம்ப்யூட்டரின் ராமுக்கும் தனக்கும் இடையே ஓடும். திரையில் படம் திக்கித் திக்கி நகரும். 2023-ல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் இதைத்தான் அனுபவித்தார்கள். இன்று தரத்தைக் கொஞ்சம் குறைத்து 8 ஜிபியில் சமாளிக்கலாம். நாலைந்து வருடம் ஓட வேண்டிய கார்டு என்றால் 16 ஜிபி வாங்குவதே நல்லது. பின்னால் 1440பி மானிட்டர் வாங்கினாலும் தாங்கும்.

ஆர்டிஎக்ஸ் பக்கமும் நல்லது உண்டு. டிஎல்எஸ்எஸ் என்ற வசதி, சிறிய படத்தை வரைந்து தெளிவாகப் பெரிதாக்கிக் காட்டும்; ஏராளமான கேம்களில் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் வரும் ‘வினாடிக்கு இத்தனை ஃபிரேம்’ எண்ணிக்கையில், கார்டே ஊகித்து இடையில் செருகும் படங்களும் சேர்ந்திருக்கும். பார்க்க வழவழப்பாக இருக்கும். மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடாது. அந்தச் செருகலுக்கும் மெமரி வேண்டும்.

‘ஏஐ படிக்க’ என்பது பாதி உண்மை. அந்தத் துறையின் மென்பொருள்களில் பெரும்பாலானவை என்விடியாவின் குடா என்ற கருவித்தொகுப்பை நம்பி வளர்ந்தவை. அந்த வகையில் என்விடியா கார்டான 5060-தான் வசதி. ஆனால் முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு அது தேவைப்படாது. தேவைப்பட்டால் கூகுள் கோலாபில் இலவசமாகவே பழகலாம். இந்தக் காரணத்துக்காகக் கார்டை மாற்ற வேண்டாம்.

இப்போது பின்பக்கம். 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட் எடுக்கும். பிராசஸர் உச்சத்தில் 117 வாட். மற்றவற்றுக்கு 50 வைத்தாலும் 330 வாட்டை ஒட்டி வருகிறது. பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையுள்ள எஸ்.எம்.பி.எஸ். இதைச் சிரமமில்லாமல் தாங்கும். கேபினட்டோடு வருவதில் ‘500 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது உண்மையில் எவ்வளவு தரும் என்பதற்கு அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி. கார்டுக்கான 8 பின் ஒயர்கூடச் சிலவற்றில் இருக்காது. அதை எடுத்துவிட்டு கேபினட்டுக்கு மட்டும் விலை போடச் சொல்லுங்கள். கொட்டேஷனில் எங்கே குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள். இது கெட்டால் தனியாகப் போகாது, கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க யுபிஎஸ் வைப்பதானால், சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தரும். மானிட்டரையும் சேர்த்தால் விளிம்பில் நிற்கும். 1000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அதில் கம்ப்யூட்டரைச் செருக வேண்டாம்.

பில் போடும்போது மூன்றைப் பாருங்கள். 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் வருகிறது, பெயர் அதேதான்; பெட்டியிலும் பில்லிலும் 16 ஜிபி என்று இருக்க வேண்டும். கார்டின் சீரியல் நம்பர் பில்லில் ஏற வேண்டும், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். சொன்ன விலை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்ததா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராசஸர் பெயரில் உள்ள ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, அதில் சொந்தமாகப் படம் காட்டும் வசதி கிடையாது என்று பொருள். எனவே மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். கீழே கார்டில் உள்ள துளையில் செருகச் சொல்லுங்கள். ‘புது கம்ப்யூட்டர் ஓடவில்லை’ என்று எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரு ஒயரால் வருபவை.