வயிறு உப்பினால் பாலைக் குறை சொல்லுமுன்

ஹைதராபாத் நாச்சாரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குக் காலை ஆறு மணிக்குள் பால் பாக்கெட் வந்துவிடும். முதல் டம்ளர் காபி, பதினோரு மணிக்கு டீ, மாலையில் கடைத்தெருவில் ஒரு இரானி சாயா. ராத்திரி வயிறு பானைபோல் உப்பிக் கடமுடாவென்று சத்தம் போட்டால், "பால் சேரலை" என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை நம்பி என் மனைவி ஒரு வருஷம் தயிரைக்கூடத் தொடவில்லை. உப்புசமோ போகவே இல்லை. தினமும் மாலையில் தின்ற கொண்டைக்கடலைச் சுண்டலை நிறுத்திய பிறகுதான் அடங்கியது.

சந்தேகம் வருவதில் தப்பில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, நம்மில் பலருக்குக் குழந்தைப் பருவம் தாண்டியதும் குறைந்துவிடும். இது நோயல்ல, உடம்பின் இயல்பு. 1981-இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவின் இரண்டு மையங்களில் சோதித்த ஆரோக்கியமானவர்களில் 66.6 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது, டெல்லியில் 27.4 சதவீதம்தான். பக்கத்து ஹப்சிகூடாவில் இருக்கும் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் விஞ்ஞானி தங்கராஜ் பங்கேற்ற மரபணு ஆய்வு ஒன்றும் உண்டு. பெரியவர்களானபின்னும் பாலைச் செரிக்க வைக்கும் மரபணு மாற்றம், எருமை வளர்க்கும் நீலகிரித் தோடர்கள் போன்ற சமூகங்களில் அதிகம் என்று அது காட்டியது.

அதற்காக மரபணுச் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். நொதி குறைந்திருக்குமா என்று அது சொல்லும். நேற்று ராத்திரி வயிறு ஏன் வலித்தது என்று சொல்லாது.

நான் முதலில் சொல்வது வீட்டுச் சோதனை. இரண்டு வாரம் பால், தயிர், டீ, காபி, பால்கோவா, ஐஸ்கிரீம், பால் பவுடர் கலந்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மற்ற சாப்பாட்டை மாற்றாதீர்கள். மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது. உப்புசம் அப்படியே இருந்தால் லாக்டோஸ்மேல் பழி போட வேண்டாம். குறைந்தால், ஒருநாள் வெறும் வயிற்றில் 250 மில்லி பால் குடியுங்கள். அதில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். அடுத்த சில மணி நேரம் என்ன நடக்கிறது என்று நேரத்தோடு குறித்து வையுங்கள்.

மனசு செய்யும் வேலையும் உண்டு. அதனால் வேறு இரண்டு நாட்களில், ஒரு நாள் சாதாரணப் பாலையும் ஒரு நாள் லாக்டோஸ் நீக்கிய பாலையும் வீட்டில் ஒருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். எது எந்தப் பால் என்று அவருக்கு மட்டும் தெரியட்டும். நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், ஆகவே சாதாரணப் பாலில் அரை ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வயிறு ஒரே மாதிரி உப்பினால் குற்றவாளி லாக்டோஸ் அல்ல. எருமைப் பாலின் கொழுப்பாக இருக்கலாம், வேறு உணவாகவும் இருக்கலாம்.

இப்படியும் தெளிவு வராவிட்டால் ஹைட்ரஜன் மூச்சுச் சோதனைக்குப் போகலாம். ஹைதராபாத்தின் பெரிய இரைப்பைக்குடல் மருத்துவமனைகளில் செய்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்து, லாக்டோஸ் கரைசலைக் குடித்துவிட்டு, சில மணி நேரம் விட்டு விட்டு ஒரு குழாயில் ஊத வேண்டும். செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்க, ஹைட்ரஜன் மூச்சில் வரும். ஒன்று கவனியுங்கள்: சோதனையில் கொடுக்கும் 25 அல்லது 50 கிராம் லாக்டோஸ், ஒரு டம்ளர் பாலில் இருப்பதைவிட மிக அதிகம். அதில் 'பாசிட்டிவ்' வந்தால் காபியே கூடாது என்று அர்த்தமில்லை. முந்தைய நான்கு வாரத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முடிவு தப்பாகலாம்.

லாக்டோஸ்தான் என்று தெரிந்தாலும், பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளும். தயிரில் இருக்கும் பாக்டீரியாக்களே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும், நீர்மோர் இன்னும் லேசு. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். இரானி சாயாவில் மட்டும் எச்சரிக்கை: பால் சுண்டச் சுண்ட லாக்டோஸின் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

பால் குடித்ததும் தடிப்போ மூச்சிறைப்போ வந்தால் அது ஒவ்வாமை. அப்படி வருபவர்கள் இந்த வீட்டுச் சோதனையில் இறங்கவே கூடாது. மலத்தில் ரத்தம், எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு இருந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பாலை நிறுத்துவதும் டாக்டரைக் கேட்ட பிறகுதான்.