வலிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால்...

1. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும்; நல்ல பெயர் மட்டும் சாவிக்குப் போகிறது.

2. கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும். தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு திரும்பும்வரை சோடாவோ தண்ணீரோ கூடாது.

3. உடனே கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ 108-ஐ அழையுங்கள். முதல்முறை வருபவர், கர்ப்பிணி என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். எந்தக் கை முதலில் வெட்டியது என்று டாக்டர் கேட்கும்போது ஆளுக்கொன்று சொல்லாமல் இருக்கலாம்.

4. எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு ஊற்றிக்கொள்வது நம் பழக்கம். சிலருக்குச் சுடுநீர் மளமளவென்று தலையில் விழுந்தாலே வலிப்பு வரும். தென்னிந்தியாவில் இந்த வகை அதிகம். வெதுவெதுப்பான நீரை முதலில் உடம்புக்கு ஊற்றி, பிறகு தலையை மெதுவாக நனைக்கலாம். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும். கிணறு, குளம் என்றால் நீந்தத் தெரிந்த துணை வேண்டும்.

5. சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும். வலிப்பு உள்ளவர் சமைக்கும் நாளில் குக்கர்.

6. வலிப்பு வரவில்லையே என்று மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. விரதம், ஊர்த்திருவிழா, ராத்திரி பஸ் பயணம் எதுவானாலும் வேளை தவறக் கூடாது. தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், முக்கியமாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

7. பாடம் நடக்கும்போது பிள்ளை சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதுகிறதா? திட்டுவதற்குமுன் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

8. பச்சையாகச் சாப்பிடும் கேரட், கொத்தமல்லியை நன்றாகக் கழுவுங்கள். நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்கினால் வலிப்பு வரும்.

9. கல்யாணப் பேச்சில் மறைக்காதீர்கள். வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வாசகத்தை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாமியார் வீட்டில் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பாள். சமையலறையில் ஆள் இருக்கும் நாளில் ஒரு வேளை விட்டுப்போகும்.