துர்வாசர் மாலை ஆறு மணிக்கு வருகிறார்

குரோம்பேட்டையிலிருந்து ராஜேந்திர பிரசாத் சாலையில் உள்ளே வந்தால் எங்கள் அஸ்தினாபுரம். பெயர்தான் மகாபாரதத்துப் பெயர். கவலையெல்லாம் தண்ணீர் லாரி, செம்பாக்கம் ஏரி, மழைக்காலச் சாலை, கரண்ட் என்று புறநகர்க் கவலைதான். இப்போது குடியிருப்போர் கூட்டத்திலும் டீக்கடையிலும் புதிதாக ஒரு பேச்சு: "கவர்மென்ட் பெரிய பேட்டரி வைக்கப்போவுதாமே?"

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. 'மின்சேமிப்பு' என்றதும் நமக்கு நினைவு வருவது ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துவது. அது சிக்கனம். இங்கே பேசுவது, ஒரு நேரத்தில் கிடைத்த மின்சாரத்தைப் பிடித்துவைத்து இன்னொரு நேரத்தில் தருவது. அதைச் சுற்றி என் காதில் விழுந்த ஏழு நம்பிக்கைகளைப் பார்ப்போம். சில தப்பு, சில பாதி உண்மை.

நம்பிக்கை 1: காற்றாலையும் சோலாரும் இவ்வளவு இருக்கும் மாநிலத்துக்குச் சேமிப்பு எதற்கு?

உண்மை: ஊர்ப் பெயர் எடுத்துக்கொடுக்கும் கதையே இதற்குப் பதில். வனவாசத்தில் பாண்டவர்களுக்கு அட்சய பாத்திரத்தைத் தந்தவன் சூரியன். எத்தனை பேர் வந்தாலும் உணவு வரும். ஆனால் ஒரு நிபந்தனை: திரௌபதி சாப்பிட்டு முடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். துர்வாசர் சீடர்களோடு வந்து நின்றது அதற்குப் பிறகு.

சோலார் அதே பாத்திரம்தான். தமிழ்நாட்டின் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் தனித்தனியே 10,000 மெகாவாட் நிறுவுதிறனைத் தாண்டிவிட்டன. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கூட்டிப் பார்த்தால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் சூரியன் மாலை ஆறு மணிக்குப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுக்கும், மற்ற மாதங்களில் கையை விரிக்கும். விளக்கும் டிவியும் ஏசியும் ஒன்றாகப் போடப்படும் மாலைப் பொழுதுதான் நம் துர்வாசர். தினமும் வருகிறார், பசியோடு வருகிறார்.

நம்பிக்கை 2: என் மாடி சோலாரில் மிஞ்சுவது லைனில் சேர்ந்திருக்கிறது, ராத்திரி அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உண்மை: சேர்ந்திருப்பது கணக்கு. மின்சாரம் அந்த நொடியே பக்கத்து வீட்டு மிக்ஸியிலோ தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜிலோ செலவாகிவிட்டது. நெட் மீட்டர் என்பது பற்று வரவு எழுதும் நோட்டு. இரவில் உங்களுக்கு வரும் யூனிட்டை அப்போது எங்கோ ஓர் அனல் மின் நிலையமோ நீர்மின் நிலையமோ புதிதாக உற்பத்தி செய்கிறது.

இதன் அண்ணன்தான் காற்றாலைக்காரர்களின் 'பேங்கிங்'. ஆடிக் காற்றில் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட்டைக் காற்றில்லாத மாதத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. காற்றாலைத் தொழில் இங்கே வேரூன்ற அது உதவியது. ஆனால் வாங்கிவைக்க ஒரு பெட்டி இல்லாத வங்கி அது. திருப்பித் தரும் நாளில் மின்சாரத்தை வேறெங்காவது அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அந்தச் சுமையை யார் ஏற்பது என்பதுதான் பல ஆண்டுகளாக நடக்கும் வாதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நெட் மீட்டரும் பேங்கிங்கும் ஏட்டுச் சுரைக்காய். இப்போது அரசு பேசுவது, கறிக்கு ஆகும் சுரைக்காயைப் பற்றி.

நம்பிக்கை 3: இது வெளிநாட்டுச் சரக்கு. நம்மூருக்குச் சரிவராது.

உண்மை: அஸ்தினாபுரத்தில் வீட்டுக்கு வீடு இதன் மாதிரி இருக்கிறது. கீழே சம்ப், மேலே தொட்டி, நடுவே மோட்டார். மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீரில், செலவழித்த மின்சாரத்தின் ஒரு பகுதி உயரமாக உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் இறங்கும்போது அந்த மோட்டாரே டைனமோவாகத் திரும்பிச் சுற்றினால் அது நீரேற்றுப் புனல் மின் நிலையம்.

வீட்டுத் தொட்டியில் ஏன் செய்வதில்லை என்று கேட்டால், கணக்கு இடிக்கும். 10 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு யூனிட்டைச் சேமிக்க ஏறத்தாழ 36,700 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி மூன்று வந்தாலும் கொஞ்சம் குறையும்! அதே ஒரு யூனிட்டுக்கு 300 மீட்டர் உயரத்தில் 1,225 லிட்டர் போதும். மலை வேண்டும் என்பது அதனால்தான்.

அந்த மலை நம்மிடம் இருக்கிறது. கோவை மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரில் காடம்பாறை நீரேற்று நிலையம், 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களோடு, 1980களின் இறுதியில் செயல்பாட்டுக்கு வந்தது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீர் மேலே ஏறும், தட்டுப்பாடான நேரத்தில் கீழே இறங்கும். நம்மில் பலர் இன்வெர்ட்டர் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கிவிட்டது.

அடுத்தது நீலகிரியில் குந்தா: போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி-எமரால்டு நீர்த்தேக்கத்துக்கும் இடையே 500 மெகாவாட். பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. நீரேற்றுத் திட்டங்களின் குறையும் இதிலேயே தெரிகிறது. மலையைக் குடைய வேண்டும், காடு குறுக்கே நிற்கும், காலம் இழுக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் நீரேற்று மின் திட்டங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டுத் தனியாருக்கும் கதவைத் திறந்தது. கதவைத் திறப்பது எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதுதான் கடினமான கேள்வி.

நம்பிக்கை 4: இன்வெர்ட்டர் பேட்டரியை வரிசையாக அடுக்கினால் ஊர் ஓடுமா?

உண்மை: ஓடாது. யாரும் அப்படி ஓட்டப்போவதுமில்லை. ஹால் மூலையில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் 500 மெகாவாட் / 1,000 மெகாவாட் மணி அளவில் பேட்டரி நிலையங்களுக்கு டெண்டர் கோரியது. அதில் 250 மெகாவாட் / 500 மெகாவாட் மணி என்.எல்.சி. இந்தியாவின் துணை நிறுவனத்துக்குக் கிடைத்தது. இடங்கள் ஓட்டப்பிடாரம், அனுப்பன்குளம், கயத்தாறு துணைமின் நிலையங்கள்.

இங்கே இரண்டு எண்களும் வேண்டும். மெகாவாட் என்பது குழாயின் அகலம், மெகாவாட் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. 500 மெகாவாட் குழாயை முழுதாகத் திறந்தால் 1,000 மெகாவாட் மணித் தொட்டி இரண்டு மணி நேரத்தில் காலி. செய்தியில் ஒரே ஓர் எண்ணைச் சொன்னால் பாதிச் செய்திதான்.

1,000 மெகாவாட் மணி என்றால் 10 லட்சம் யூனிட், அதாவது நம் வீட்டுப் பேட்டரி ஐந்தரை லட்சம். பிரம்மாண்டம்தான். ஆனால் 2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாடு ஒரே நாளில் செலவழித்தது சுமார் 45.4 கோடி யூனிட். அதில் இது 450இல் ஒரு பங்குதான். ஆகவே 'பேட்டரி வந்தாச்சு, நிலக்கரிக்கு விடுதலை' என்பதும் கட்டுக்கதை.

பிறகு எதற்கு? பந்தி முழுவதற்கும் அல்ல, கடைசிப் பந்திக்கு. தேவை உச்சத்தில் நிற்கும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் மிக விலை உயர்ந்த மின்சாரத்தை வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே 500 மெகாவாட் கைகொடுத்தால் போதும். இன்னொன்று வேகம். தெற்கு ஆஸ்திரேலியா 2016 செப்டம்பரில் மாநிலம் முழுக்க இருளில் மூழ்கியது. மறு ஆண்டே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் / 129 மெகாவாட் மணி பேட்டரி வந்தது. அது பெயர் வாங்கியது ஊருக்கு விடிய விடிய மின்சாரம் தந்ததால் அல்ல, கிரிட் தடுமாறும்போது கண் இமைக்கும் நேரத்தில் தாங்கிப் பிடித்ததால்.

நம்பிக்கை 5: கடைசியில் எல்லாம் நம் பில்லில்தான் ஏறும்.

உண்மை: நான்கு ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன். 2022இல் இந்திய சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய 500 மெகாவாட் / 1,000 மெகாவாட் மணி ஏலத்தில் வந்த விலை, ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.83 லட்சம் ரூபாய். 2024 முடிவதற்குள், மத்திய உதவித்தொகை உள்ள ஏலங்களில், அது சுமார் 2.2 லட்சத்துக்கு இறங்கியது.

நம் கணக்குக்கு மாற்றுவோம். இரண்டு மணி நேரப் பேட்டரியை நாளுக்கு ஒரு முறை நிரப்பிக் காலி செய்தால், ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 60,000 யூனிட். பழைய வாடகையில் யூனிட்டுக்கு 18 ரூபாய், புதிய வாடகையில் 3.67 ரூபாய். மதிய மின்சாரத்தை உதாரணத்துக்கு 3 ரூபாய்க்கு வாங்குவதாக வைப்போம். போட்ட 100 யூனிட்டில் திரும்ப வருவது 85 என்றால் அந்த 3 ரூபாய் 3.53 ஆகும். ஆக மாலையில் கைக்கு வரும் யூனிட் 7 ரூபாய் 20 காசு. மின் சந்தையில் உச்ச நேர விலை தொடக்கூடிய வரம்பு 10 ரூபாய். உச்சத்தைத் தொடும் மாலைகளில் பேட்டரி லாபம், மற்ற மாலைகளில் நஷ்டம்.

கொள்கையின் வேலை இந்த இடைவெளியில்தான். 2022 ஜூலையில் மத்திய மின் அமைச்சகம், விநியோக நிறுவனங்கள் வழங்கும் மின்சாரத்தில் சேமிப்பு வழியே வர வேண்டிய பங்கை 2023-24இல் 1 சதவீதத்தில் தொடங்கி 2029-30இல் 4 சதவீதமாக உயர்த்தும் பாதையை வகுத்தது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, பேட்டரி நிலையங்களின் முதலீட்டில் 40 சதவீதம் வரை நிதி தரும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உதவித்தொகையும் வரிப்பணம்தான், மறுக்கவில்லை. 'செலவு ஏறுமா' என்பதோடு கேள்வியை நிறுத்தாமல், 'எந்த மாலை மின்சாரத்துக்குப் பதிலாக இது வருகிறது' என்று கேட்டால்தான் கணக்கு நேராகும்.

நம்பிக்கை 6: தீப்பிடித்தால் ஊரே போய்விடும்.

உண்மை: பயம் ஆதாரமற்றதல்ல. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் 1,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே பேட்டரிகள் ஒரு பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இப்போது பரவலாக வைக்கப்படுபவை வெட்டவெளியில், இடைவெளி விட்டு நிறுத்தப்படும் கன்டெய்னர்கள். வகையும் எளிதில் சூடேறி வெடிக்காத லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஆபத்து குறைகிறது, பூஜ்ஜியம் ஆவதில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாம். நம் பக்கம் இப்படி ஒன்று வருமானால் முதலில் கேட்க வேண்டியது தரைமட்டம் எவ்வளவு உயரம், தீயணைப்பு வண்டி உள்ளே போகுமா என்பதுதான்.

நம்பிக்கை 7: இதெல்லாம் வந்துவிட்டால் நம் தெருவில் கரண்ட் கட் இருக்காது.

உண்மை: மழையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தாலோ, ஏசி சுமை தாங்காமல் டிரான்ஸ்பார்மர் படுத்தாலோ, கயத்தாற்றில் எத்தனை கன்டெய்னர் நிரம்பி நின்றாலும் நம் தெருவுக்கு வராது. அது வழியில் அறுந்த குழாய், அணையின் குற்றமல்ல.

மாடி சோலார் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு இணைந்த சோலார், கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் தானாக அணைந்துவிடும். கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது அல்லவா?

கடைசியாக, யாரும் சொல்லாத ஒரு சேமிப்பு. நம் தெருவில் மாலை ஏழு மணிக்கு மோட்டார்கள் வரிசையாக உறுமத் தொடங்கும். அதே தொட்டியை வெயில் கொளுத்தும் மதியம் ஒரு மணிக்கு நிரப்பினால், மோட்டார் குடிக்கும் யூனிட் அதுவேதான். ஆனால் அது துர்வாசரின் இலையிலிருந்து எடுத்ததாக இருக்காது. லித்தியமும் வேண்டாம், மலையும் வேண்டாம், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு டைமர் போதும்.

உயரழுத்த இணைப்புள்ள ஆலைக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அதனால் ஆலைக்காரர் கடிகாரம் பார்க்கிறார். வீட்டு பில்லோ இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று மட்டும் எண்ணுகிறது, எத்தனை மணிக்கு என்று கேட்பதில்லை. மாலையில் கூட்டினால் ஏழை வீட்டு விளக்கு சுடும் என்ற தயக்கம் நியாயமானது. கூட்டவே வேண்டாம், மதியத்தில் கொஞ்சம் குறைக்கலாமே? ஓட்டப்பிடாரத்தில் பேட்டரிக்கு மாத வாடகை தரத் தயாரான கொள்கை, அஸ்தினாபுரத்து மொட்டை மாடித் தொட்டிகளுக்கும் ஒரு நாலணா சலுகை யோசிக்கலாம்.