பகல் தூக்கம் ஏன் பாதியில் கலைகிறது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆலை வேலைக்குப் போகிறவர் இருந்தால் ஷிப்டு முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலை 6 முதல் 2 மணி வரை ஒன்று. 2 முதல் இரவு 10 வரை ஒன்று. 10 முதல் மறுநாள் காலை 6 வரை ‘முழு நைட்’. முழு நைட் முடிந்து வந்தவர் 8 மணிக்குப் படுக்கிறார். 1 மணிக்கெல்லாம் விழித்துக் கொள்கிறார். இரவெல்லாம் கண்விழித்தவருக்கு இவ்வளவுதானா தூக்கம்? வெயிலும் இரைச்சலும் மட்டும் இதற்குக் காரணமல்ல.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புச் செல்கள் கொண்ட சிறு தொகுதி உண்டு. அதுதான் உடலின் கடிகாரம். தூக்கமும் உடல் வெப்பமும் அதன்படி ஏறி இறங்குகின்றன. விடியற்காலை 4, 5 மணி வாக்கில் வெப்பம் மிகவும் குறையும். இரவு வேலையில் இருப்பவருக்குக் கண் சொருகுவது அப்போதுதான். பிறகு வெப்பம் ஏறத் தொடங்குகிறது. அவர் படுக்கும் நேரத்தில் கடிகாரம் ‘எழுந்திரு’ என்கிறது!

இக்கடிகாரத்தை மாற்றிவைக்க முடியாதா? 1938இல் நத்தானியல் கிளைட்மன் என்ற அறிவியலார், அமெரிக்காவின் கென்டக்கியிலுள்ள மாமத் குகையில் தம் மாணவருடன் 32 நாள்கள் தங்கினார். வெயிலே புகாத அங்கே, 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு உண்டு உறங்கினார்கள். இளைஞரான மாணவரின் உடல் அதற்கு இணங்கிவிட்டது. 43 வயதான கிளைட்மனின் உடலோ பழைய 24 மணிக் கணக்கை விடவில்லை. குகைக்கு வெளியே சிக்கல் இன்னும் பெரிது. வீடு திரும்பும்போது முகத்தில் படும் காலை வெயில், கடிகாரத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்தப் பார்க்கிறது.

இனி இன்னொரு கடிகாரத்தைப் பாருங்கள். அது ஊரின் கடிகாரம். 2 மணி ஷிப்டு உடலுக்கு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, இரவில் தூங்கலாம். ஆனால் மாலை 5 மணிக்கு மைதானத்தில் வாலிபால் நடக்கும்போது அவர் இயந்திரத்தின் முன் நிற்கிறார். வாரம் முழுவதும் நண்பர் முகம் பார்க்க முடியாது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. வாலிபாலுக்குப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். சதுரங்கத்துக்கு அப்படியில்லை, நண்பருடன் கைப்பேசியில் நாளுக்கு ஒரு காய் நகர்த்தினாலும் ஆட்டம் நடக்கும், நட்பும் நடக்கும். உடற்பயிற்சியை முழு நைட் வாரத்தில் பகல் தூக்கம் முடிந்து, மாலையில் வைத்துக்கொள்வது நல்லது. தேநீரை ஷிப்டின் முற்பாதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குடித்து 5 மணி நேரமான பின்னும் அதிலுள்ள காஃபீனில் பாதியளவு உடலில் தங்கியிருக்கக்கூடும்.

நீங்கள் என்ன செய்யலாம்? அவர் தூங்கும் அறையின் சன்னலுக்குக் கனத்த துணி கட்டுங்கள். தொலைக்காட்சியின் ஓசையைக் குறையுங்கள். பிறகு ஒரு தாளில் அவருடைய நான்கு வார ஷிப்டுகளையும் உங்கள் பள்ளி நேரத்தையும் பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு எழுதுங்கள். இருவரும் விழித்திருந்து, இருவருக்கும் வேலையில்லாத கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுங்கள். எத்தனை கட்டங்கள் தேறுகின்றன என்று எண்ணி, அவரிடமே காட்டுங்கள்.