முதற்கப்பலில் வந்தவரா?

கேள்வி: எங்கள் கொள்ளுப்பாட்டனார் நேட்டாலுக்கு முதற்கப்பலிலேயே வந்தவர் என்பது குடும்ப வழக்கு. பெரிய அத்தையின் குறிப்பு அவருடைய ஊர் சித்தூர் ஜில்லா என்கிறது. கப்பல் ஜாபிதாவிலோ அப்பெயருடையவர் வட ஆர்க்காட்டுக்காரர். வயதும் ஒத்துவரவில்லை. எதை நம்புவது?

பதில்: முதற்கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையினின்று புறப்பட்டு 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது, அதில் வந்தவர் 342 பேர். அதற்குப் பின் 1911 வரையில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியிருக்க, எந்த வீட்டில் விசாரித்தாலும் மூதாதையர் அந்த ஒரே கப்பலில்தான் வந்தார் என்பார்கள்! ஆகவே அந்த ஐதிகத்தைச் சற்றே ஒதுக்கி வையுங்கள்.

ஊர் விஷயத்தில் விரோதமே இல்லை. சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்டது 1911-இல். அதற்கு முன் அப்பிரதேசத்தின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. கப்பலேறிய காலத்து எல்லையைக் குமாஸ்தா எழுதினார், தம் காலத்து எல்லையை அத்தை எழுதினார்; இருவர் கூற்றும் மெய்யே. வயதைப் பொறுத்தமட்டில், பிறந்த வருஷம் அறியாத குடியானவனை ஏற இறங்கப் பார்த்து அனுமானமாக எழுதிய எண்ணுக்கு அதிகப் பிரமாணம் தரலாகாது.

பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஜாபிதாவில் அதற்கு நேரே தகப்பன் பெயர், தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு முதலியன காணப்படும். விடுதலைப் பத்திரமோ விவாகப் பதிவோ வீட்டில் இருப்பின், முதலில் அதில் அவ்விலக்கத்தைத் தேடுங்கள்.