சம்பள ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது?

"கை நீட்டுகிறானா? இல்லையே! அப்புறம் என்ன, அனுசரிச்சுப் போ." வேலைக்குப் போகும் பெண் பிறந்த வீட்டில் வாய் திறந்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. அடி விழுந்தால்தான் கொடுமை என்ற கணக்கைச் சட்டம் எப்போதோ தள்ளிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனரீதியான கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. புகார்ப் படிவத்திலேயே, சம்பளத்தைப் பிடுங்குவதும் வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும் தனித்தனியாக அச்சாகியிருக்கின்றன.

அடிக்காமலே ஆட்டிவைக்கும் ஏமாற்றுக்காரக் கணவரின் கண் உங்கள் வேலையின் மேல்தான் இருக்கும். வெளியேறும் கதவு அதுதான் என்று அவருக்குத் தெரியும். முதலிலேயே வேலையை விடு என்று சொல்லமாட்டார். முக்கியமான மீட்டிங் இருக்கும் நாளாகப் பார்த்துக் காலையில் சண்டை வரும். மதியம் வீடியோ கால், "பக்கத்துல யாரு?" நெட்பேங்கிங் பாஸ்வேர்டு "உன் நல்லதுக்காக" அவரிடம் போகும். பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தாலோ, "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் மறதி" என்பார். இதையே மாதக்கணக்கில் கேட்ட பெண், அனுப்பிவிட்ட மெயிலை நம்பிக்கையில்லாமல் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்.

சண்டை இல்லாத வீடு இல்லைதான். எனவே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவருடைய பொய்யைச் சுட்டிக்காட்டிய பிறகு மன்னிப்புக் கேட்பது யார்? ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் என்றால், அது சண்டை அல்ல, கொடுமை.

வெளியேற முடிவெடுத்தால், வீட்டில் எதையும் அறிவிக்கும் முன் சத்தமில்லாமல் செய்யவேண்டியவை உண்டு. சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். உங்கள் பெயரில் நீங்கள் அறியாத கடன் இருந்தால் அதில் தெரிந்துவிடும். வங்கி, ஆதார், பி.எஃப். மூன்றிலும் பதிவாகியிருப்பது உங்கள் கைபேசி எண்தானா? ஓ.டி.பி. யாருக்குப் போகிறதோ, பணம் அவர் கையில். வாட்ஸ்அப்பில் இணைந்திருக்கும் மற்ற சாதனங்களையும் பாருங்கள். சான்றிதழ்கள், நகை ரசீதுகளின் நகல் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். வேறு வங்கியில் கணக்கு தொடங்கலாம். ஆனால் சம்பளத்தை அங்கே மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பணம் வராவிட்டால் அவருக்கு அன்றே தெரிந்துவிடும். தங்க இடம் உறுதியான பிறகே அதைச் செய்யுங்கள்.

ஹெச்.ஆரிடம் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. அவசரத் தொடர்பு எண்ணை மாற்றவேண்டும், வரவேற்பில் என்னைப் பற்றி யாருக்கும் தகவல் தரக்கூடாது. இந்த இரண்டும் போதும். கணவர் அலுவலகத்துக்குள் நுழையக்கூடாது என்று இதே சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். உத்தரவு கிடைத்தால் அதன் நகல் ஒன்றைக் காவலாளிகளிடம் கொடுத்துவையுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்கவேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், எண் 15100. தங்குவதற்குத் தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகள் இருக்கின்றன.

வெளியே வந்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலாளர் குரல் உயர்த்தினால் உடம்பு நடுங்கும், தப்பே செய்யாமல் 'சாரி' வரும், மனசு கணவரையே தேடவும் செய்யும். அது பைத்தியக்காரத்தனம் அல்ல, பழக்கம். மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. இதில் ஆண்களும் பேசலாம், அவர்களிலும் ஏமாந்தவர்கள் உண்டு. 'ரெண்டு பேரும் சேர்ந்து கவுன்சிலிங் போங்க' என்ற அறிவுரையை மட்டும் இப்போதைக்கு ஒதுக்குங்கள். அங்கே சொன்னதற்கு வீட்டில் கணக்குத் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு வேலை மாற்றம், ஊர் மாற்றம் என்று பெரிதாக எதையும் முடிவுசெய்ய வேண்டாம், பாதுகாப்புக்காக என்றால் தவிர.

ராஜினாமாக் கடிதம் எழுதச்சொல்லி வீட்டில் நெருக்குகிறார்களா? எழுதாதீர்கள். அன்றைக்கே பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துப் பேசுங்கள்.